ரிடவுட்: ஒரு சொல்லும் அதன் மண்ணும்

முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையைக் காட்டும் ஆங்கிலேய வரைபடங்களில் சில இடப்பெயர்களின் பின்னே ஒரே சொல் ஒட்டிக்கொண்டு வரும்: ரிடவுட். ஹோஹென்சோலர்ன் ரிடவுட், ஷ்வாபென் ரிடவுட், லைப்ஸிக் ரிடவுட். தமிழில் எழுத வரும்போது கை உடனே 'கோட்டை' என்று எழுதிவிடும். ஆனால் மதிலையும் வாயிற்கதவையும் தேடி அங்கே போகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. அது மண்ணில் வெட்டப்பட்டது. பதுங்குகுழிகளின் பின்னல், மணல்மூட்டை அடுக்கு, முள்கம்பி, ஆழத்தில் உறங்குமிடம், மூலைக்கு மூலை இயந்திரத் துப்பாக்கி. இவ்வளவுதான் அந்தக் 'கோட்டை'. அதைப் பிடிக்கப் போய் மாண்டவர்களின் கணக்கோ பல கற்கோட்டைகளின் முற்றுகைக் கணக்குகளை மிஞ்சும்.

ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லுக்குள் ஒரு 'பி' இருக்கிறது. வாய் அதைச் சொல்வதில்லை. தமிழில் ஒலிப்படி எழுதும்போது அது உதிர்ந்துவிடுகிறது. உதிர வேண்டியதுதான், ஏனென்றால் அது தவறி நுழைந்த எழுத்து. மூலம் லத்தீன். பின்னே அழைத்துச் செல்லுதல், பின்வாங்கச் செய்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து 'ரெடுக்டுஸ்' பிறந்தது: பின்னே ஒதுங்கியது, ஒதுக்கிடம். இத்தாலியில் அது 'ரிடோட்டோ' ஆயிற்று, பிரான்சில் 'ரெடூட்' ஆயிற்று. ஆங்கிலேயர் அதை வாங்கியபோது, அஞ்சுதல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த வேறொரு சொல்லோடு அதைக் குழப்பிக்கொண்டார்கள். அச்சத்தைக் குறித்த அந்தச் சொல்லின் 'பி' இதற்குள்ளும் வந்து உட்கார்ந்தது. ஒதுங்கிடம் என்ற சொல்லின் மேல் அச்சத்தின் எழுத்து ஏறிய கதை இது. எழுத்தில் நடந்த அந்தப் பிழை, பின்னால் மண்ணில் நடந்ததை முன்கூட்டியே சொன்னதுபோல எனக்குப் படுகிறது.

இத்தாலியில் இந்தச் சொல் போருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒதுங்கிக் கூடும் தனியறைக்கும் அதுவே பெயர். வெனிஸ் நகர ஆட்சியே 1638-இல் ஒரு மாளிகையில் சூதாட்டக்கூடம் திறந்தது; அதன் பெயர் ரிடோட்டோ. முகமூடி அணிந்த பிரபுக்கள் அங்கே ஆடினார்கள். 1774-இல்தான் அது மூடப்பட்டது. வியன்னா அரண்மனையின் நடனக்கூடங்களுக்கு இன்றும் இந்தச் சொல்லே பெயரில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'ரெடூட்டெ' என்றால் காவல் அரண் மட்டுமன்று, முகமூடி நடனமும்தான்.

போர்க்கலையில் இதன் பழைய இடம் கோட்டைக்குள்ளே. வெளிமதில் விழுந்தபின் காவலர் பின்வாங்கி நின்று பொருதும் கடைசி உள்ளரண். அந்தப் பொருள் முற்றிலும் சாகவில்லை. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, பெல்ஜியப் படை பின்வாங்கி ஆண்ட்வெர்ப் நகரின் கோட்டை வளையத்துக்குள் ஒதுங்கியது. அந்த நகரைத்தான் அவர்கள் 'தேசிய ரிடவுட்' என்று வகுத்து வைத்திருந்தார்கள். அக்டோபர் 10-இல் அது சரணடைந்தது.

ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளிலேயே சொல் வேறு வேலைக்கும் போய்விட்டது. திறந்த வெளியில், நான்கு புறமும் அடைத்து, வேறெந்தச் சுவரின் துணையும் இன்றித் தானே நிற்கும் சிறு மண்ணரணுக்கு அது பெயராயிற்று. பின்பக்கம் திறந்து கிடந்தால் அது ரிடவுட் ஆகாது; அதற்கு 'ரெடான்' என்று வேறு பெயர். எதிரி பின்னால் சுற்றி வந்தாலும் உள்ளிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிச் சுட முடியவேண்டும் என்பதே இதன் இலக்கணம்.

இந்த மண்ணரணோடு பிரிட்டிஷ் படைக்கு நீண்ட, கசப்பான பழக்கம் உண்டு. 1745 மே 11 அன்று ஃபோந்தெனுவா போர்க்களத்தில், காட்டோரம் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியிருந்த ஒரு ரிடவுட்டைப் பிடிக்கும்படி இங்கோல்ட்ஸ்பி என்ற தளபதிக்கு ஆணை. அவர் தயங்கினார், அரண் பிடிபடவில்லை. நடுவே முன்னேறிய காலாட்படையின் பக்கவாட்டில் அதன் பீரங்கிகள் பாய்ந்தன, போர் தோற்றது, இங்கோல்ட்ஸ்பி ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

1775 ஜூன் 17 இன்னும் தெளிவான பாடம். பாஸ்டன் எதிரே ப்ரீட்ஸ் குன்றின் மேல் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் ஒரே இரவில் மண்ணை வெட்டி ஒரு சதுர ரிடவுட் எழுப்பினார்கள். பக்கத்துக்குச் சுமார் 40 மீட்டர். விடிந்ததும் அதைக் கண்ட பிரிட்டிஷார் மேட்டில் நேராக ஏறினார்கள். இருமுறை திருப்பியடிக்கப்பட்டு, உள்ளே வெடிமருந்து தீர்ந்த மூன்றாம் முறையில்தான் பிடித்தார்கள். இறந்தோரும் காயமடைந்தோருமாக 1,054 பேர். ஓர் இரவின் மண்வெட்டி வேலைக்குக் கொடுத்த விலை அது. பக்கத்துக் குன்றான பங்கரின் பெயரே அந்தப் போருக்கு நிலைத்தது.

தென்னிந்தியாவும் இந்தச் சொல்லை நேரில் பார்த்திருக்கிறது. 1792-இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, காவிரியின் வடகரையில் முள்வேலிக் காட்டுக்குள் திப்பு சுல்தான் வரிசையாக ரிடவுட்டுகளை அமைத்திருந்தார். நம் பழைய நூல்கள் 'மிளை' என்று சொல்லும் காவற்காட்டின் உறவுதான் அந்த முள்வேலி. பிப்ரவரி 6 இரவு, பிரிட்டிஷ் மன்னர் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் மூன்று பிரிவாகப் பாய்ந்தார்கள். மெடோஸ் தலைமையில் போன பிரிவு, ஈத்கா ரிடவுட்டில் போய் மோதி இரத்தம் சிந்திப் பிடித்தது. நடுவிலிருந்த சுல்தான் ரிடவுட்டைப் பிடித்தவர்கள் மறுநாள் அதற்குள்ளேயே முற்றுகைக்கு உள்ளானார்கள். திப்புவின் வீரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். காத்து நின்ற கேப்டன் சிபால்ட் மாண்டார். அரணுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பிடித்தவன் கையில் அதே நொடியில் காவல் அரணாக மாறிவிடுவது, நாலு புறமும் அடைத்த இந்த அமைப்பின் குணம்.

இனி 1915. வட பிரான்சில் லா பாசே கால்வாய்க்குத் தெற்கே நிலக்கரிச் சுரங்க நாடு. ஓஷி-லே-மீன் ஊருக்கு அருகே எட்டாம் எண் சுரங்கம். பக்கத்தில் கழிவுக்கல் கொட்டிய தட்டையான மேடு. அங்கத்திய வழக்கில் சுரங்கத்துக்குப் பெயர் 'ஃபோஸ்'. அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் 'ஃபோஸா' தோண்டப்பட்ட பள்ளத்தைக் குறிக்கும். கோட்டைக் கலையிலும் 'ஃபோஸ்' என்றால் அகழிதான். நம் 'அகழ்' என்ற வினையிலிருந்து அகழியும் அகழ்வும் வந்த மாதிரியே. மேட்டின் மேல் ஏறி நின்றால் சுற்றிலும் சமவெளி. ஜெர்மானியர்கள் அந்த மேட்டைக் காக்க, தங்கள் முதல் வரிசைக்கும் முன்னால், பிரிட்டிஷ் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்படி ஓர் அரண் வெட்டினார்கள். தங்கள் பேரரசரின் குலப்பெயரை அதற்குச் சூட்டினார்கள்: ஹோஹென்சோலர்ன்-வெர்க். 'வெர்க்' என்றால் வேலை, செய்த பணி. அதை ரிடவுட் ஆக்கியவர்கள் பிரிட்டிஷார்.

இங்கேதான் சொல்லின் பயணம் தலைகீழாகிறது. பின்னே ஒதுங்கிய இடம் என்று பிறந்த சொல், வரிசைக்கு முன்னே நீட்டிய இடத்துக்குப் பெயராகிறது. அரணிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் ஜெர்மன் முதல் வரிசையோடு இணைக்கும் இரு பதுங்குகுழிகளுக்கு பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'லிட்டில் வில்லி', 'பிக் வில்லி' என்று பெயரிட்டார்கள். பட்டத்து இளவரசரும் பேரரசரும் வில்ஹெல்ம்கள். முன்னேறி வருகிறவர்கள் மேல் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னே மேட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சுட முடியும் என்பதே இந்த வெட்டின் திட்டம். அரணுக்குள் புகுந்தவனுக்கும் விடிவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே மேடு நின்றது.

செப்டம்பர் 25 அன்று லூஸ் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் ராணுவம் முதன்முதலாக நச்சுவாயு விட்டது அன்றுதான். 5,000-க்கு மேற்பட்ட உருளைகளில் குளோரின். 9ஆம் ஸ்காட்டிஷ் டிவிஷன், போர் அமைச்சர் கிச்சனரின் அழைப்புக்குச் சேர்ந்த புதுப்படையினர், காலை 6.30-க்கு எழுந்தார்கள். இடப்பக்கத்தில் வாயு சரியாகப் பரவவில்லை. அங்கே போன படை முள்கம்பி முன்னே விழுந்தது. வலப்பக்கத்தில் கேமரான், சீஃபோர்த் ஹைலாண்டர்கள் ரிடவுட்டைத் தாண்டிச் சுரங்க மேட்டையே பிடித்துவிட்டார்கள். ஆனால் பிடித்ததைத் தக்கவைக்க ஆள் இல்லை. 27-ஆம் தேதி மேடு போயிற்று. டிவிஷன் தளபதி தெசிகரும் அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார். அக்டோபர் 3-இல் ரிடவுட்டின் பெரும்பகுதியும் ஜெர்மானியரிடம் திரும்பியது.

பிறகு 46ஆம் நார்த் மிட்லண்ட் டிவிஷனின் முறை. ஸ்டாஃபர்ட்ஷயர், லிங்கன், லெஸ்டர், நாட்டிங்ஹாம், டெர்பி ஊர்க்காரர்கள். அமைதிக்காலத்தில் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வப் படையினர். அக்டோபர் 13 நண்பகலில் பீரங்கி, ஒரு மணிக்கு வாயு, இரண்டு மணிக்குப் பாய்ச்சல். வலப்புறம் போன ஸ்டாஃபர்ட்ஷயர் பிரிகேட் எழுந்த இடத்திலேயே சரிந்தது. இடப்புறம் லிங்கன், லெஸ்டர் ஆட்கள் ரிடவுட்டுக்குள் புகுந்து மறுபக்கமும் இறங்கினார்கள். அங்கே மேட்டிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களை அறுத்தன. அந்த டிவிஷனின் இழப்பு 3,763 பேர். பெரும்பகுதி முதல் பத்து நிமிடங்களில். கைக்கு வந்தது அரணின் மேற்கு முகத்துண்டு ஒன்று. சுரங்க மேட்டைப் பிடிக்காமல் ரிடவுட்டைப் பிடித்துப் பயனில்லை என்பது செப்டம்பரிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் அதே பாதையில், வெட்டவெளிப் பகலில், அந்த ஆட்களை அனுப்பினார்கள். இதை என்னால் தவறு என்று மட்டும் சொல்லிக் கடக்க முடியவில்லை. குற்றம் என்றே சொல்வேன்.

மறுநாள் அந்தத் துண்டுக்குள் நடந்த ஒன்று, ரிடவுட் என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிகக் கடுமையான விளக்கம். ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படையின் கேப்டன் சார்லஸ் ஜெஃப்ரி விக்கர்ஸ், முந்தின நாள்தான் 21 வயது நிறைந்தவர், பதுங்குகுழியின் குறுக்கே போட்ட ஒரு தடுப்புக்குப் பின்னே நின்று கைக்குண்டு வீசிக்கொண்டிருந்தார். உடன் நின்றவர்களில் குண்டு எடுத்துக் கொடுக்க இருவர்தான் எஞ்சினர். அந்த நிலையில் தமக்குப் பின்னே இன்னொரு தடுப்புக் கட்டச் சொன்னார். அது எழுந்தால் பதுங்குகுழி காப்பாற்றப்படும். அவர் திரும்பும் வழி அடைபடும். அது கட்டி முடியும் வரை நின்றார்; கடுங்காயத்தோடு வீழ்ந்தார்; பிழைத்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற அவர் பிற்காலத்தில் நிர்வாகமும் தீர்மானமும் பற்றி எழுதிய சிந்தனையாளராக அறியப்பட்டு, 1982 வரை வாழ்ந்தார். பின்வாங்குமிடம் என்று பொருள்படும் சொல்லுக்குள் நின்று, பின்வாங்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டவர் அவர்.

அடுத்த மார்ச்சில் சண்டை மண்ணுக்கு அடியில் போயிற்று. சுரங்கம் குடையும் ராணுவப் பிரிவினர் அரணுக்குக் கீழே குடைந்து வெடிவைத்தார்கள். பள்ளங்களின் விளிம்புக்காக இரு பக்கமும் பொருதன. வரைபடத்தில் ரிடவுட் என்ற பெயர் நீடித்தது, தரையில் குழிகள்தான் இருந்தன.

1916-இல் சோம் ஆற்றங்கரையில் இதே கதை பெரிய அளவில். தியப்வால் மேட்டில் ஜெர்மானியர்கள் 'ஃபெஸ்டெ' என்று அழைத்த அரண்கள் இருந்தன. அது கோட்டைக்கான ஜெர்மன் சொல். ஜூலை 1 அன்று 36ஆம் அல்ஸ்டர் டிவிஷன் ஃபெஸ்டெ ஷ்வாபெனுக்குள் புகுந்தது. துணைப்படை வராமல் இரவில் வெளியே வந்தது. அக்டோபர் நடுவில்தான் அந்த இடம் முழுமையாகப் பிரிட்டிஷ் வசமானது. அருகே 'ஃபெஸ்டெ ஷ்டாவுஃபென்'. இடைக்கால ஜெர்மன் அரச குலம் ஒன்றின் பெயர். பிரிட்டிஷ் வாயில் அது 'ஸ்டஃப் ரிடவுட்' ஆனது.

தமிழுக்கு வருவோம். அரணை முற்றுவதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் பூவால் பெயர் வைத்த மொழி இது. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைக்குள் அடக்கும்; புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணை ஆக்கும். பிடித்தவனே காவலனாகும் ரிடவுட் சண்டையைப் பார்த்தபின், தொல்காப்பியர் இரண்டையும் ஒன்றாக வைத்ததே சரி என்று எனக்குப் படுகிறது. அகழிக்குக் 'கிடங்கு' என்றும் பெயர் இருந்தது. இன்று அந்தச் சொல் சரக்கு வைக்கும் இடத்துக்குப் போய்விட்டது. குறளில் 75ஆம் அதிகாரமே அரண். எதிரி கொள்ள அரிதாகவும் உள்ளிருப்போர்க்கு நின்று பொர எளிதாகவும் இருப்பதே அரண் என்கிறார் வள்ளுவர். கல்லென்றோ மண்ணென்றோ கட்டுப்படுத்தவில்லை.

ஈழத்தில் போருக்குள் வாழ்ந்த மக்கள் 'பங்கர்' என்றார்கள். செய்தித்தமிழ் 'காவலரண்', 'மண் அணை' என்று எழுதியது. அந்தச் சொற்கள் அகராதியில் தேடி எடுத்தவை அல்ல, அருகிலிருந்து பார்த்தவர்களின் சொற்கள். ஆனால் காவலரண் பெரும்பாலும் வரிசையில் நிற்கும் காவல் நிலை. ரிடவுட் தனியே, நாலு புறமும் அடைத்து நிற்பது. கோட்டை என்று எழுதினால் மண் மறைகிறது. கொத்தளம் என்றால் அது மதிலின் உறுப்பாகிவிடுகிறது. பதுங்குகுழி என்றால் வெறும் பள்ளமாகச் சுருங்குகிறது. 'தனியரண்' என்று எழுதலாம் என்பது என் முடிவு. போர் வரலாறு மொழிபெயர்க்கிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும். இதைவிடப் பொருந்தும் சொல் ஊர்வழக்கில் கிடந்தால் அதை எழுதி அறிவியுங்கள்.