தோட்டம் நகரமானபோது: குழாய் நீரும் பொது வசதிகளும்



விடியற்காலையில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. வாளியை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை மைல் தூரம் மண்ணுக்கடியில் வந்தது என்று நாம் கேட்பதில்லை. குழாயில் வெறுங்காற்று சீறும் நாளில்தான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை, தண்ணீர் வருகின்ற நல்ல நாளிலேயே கேட்டுப் பார்ப்பதுதான் இன்றைய நம் பேச்சின் நோக்கம்.

இந்தக் கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். நம் பள்ளிக்கு எதிரே இருந்த ரப்பர் மரங்களைச் சாய்த்து, கடைத்தொகுதி ஒன்று எழுப்புவதற்காக மண்ணைச் சமன்படுத்தினார்கள். பல வாரங்களாகியும் ஒரு சுவர்கூட எழவில்லை. ஆழமாகக் குழி வெட்டுவதும், பெரிய பெரிய குழாய்களை இறக்குவதுமாகவே வேலை நடந்தது. "சார், கடை கட்டப் போவதாகச் சொன்னார்களே, ஏன் மண்ணையே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான் அவன். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், நம் நாட்டின் நகர வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1881-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக எரிந்தன. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து ஊரைப் பாழாக்கியது. அதற்குப் பிறகுதான் செங்கல்லும் ஓடும் கொண்டு கடைவீடுகளைக் கட்டும் வழக்கம் வலுப்பெற்றது. 1890-இல் அங்கே சுகாதார வாரியம் அமைந்தது. கடைவரிசைகளின் பின்னால் சந்து விட வேண்டும் என்ற ஏற்பாடும் காலப்போக்கில் வந்தது. மலவாளி எடுப்போர் வந்து போகவும், தீப்பிடித்தால் அணைப்பவர்கள் நுழையவும் அந்தச் சந்து தேவைப்பட்டது. பிற்காலத்தில் பல இடங்களில் கழிவுநீர்க் குழாய்களைப் பதிக்கவும் அதே பின்சந்துகள் கைகொடுத்தன. கடையின் முகப்பு அழகாக இருந்தால் மட்டும் போதாது, பின்புறமும் அடிப்புறமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை நம் நகரங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டன.

இனி நமக்கு நெருக்கமான ஓர் ஊரைப் பார்ப்போம். அதுதான் பெட்டாலிங் ஜெயா. இன்று அங்கே அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் நிற்கும் மண், ஒரு காலத்தில் எஃபிங்காம் தோட்டம். சுமார் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டம் அது. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் தாங்க முடியாத அளவுக்குப் பெருகியது. நகரத்தின் ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதற்காக 1950-களின் தொடக்கத்தில் இந்தத் தோட்டம் துணை நகரமாயிற்று. 1954-இல் அதை நிர்வகிக்கத் தனி அமைப்பு ஒன்று ஏற்பட்டது. 1957 முடிவதற்குள் அங்கே 3,200-க்கு மேற்பட்ட வீடுகள், 100-க்கு மேற்பட்ட கடைகள், 28 தொழிற்சாலைகள். ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு தோட்டம் ஊராகிவிட்டது!

வீடு கட்டுவது எளிது, நேயர்களே. அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. தோட்டத்தில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கிணறு, ஆறு, அல்லது லயத்துக்கு ஒரு பொதுக்குழாய். வரிசையில் நின்று வாளி நிரப்பினோம். துணை நகரத்தில் அப்படி முடியாது. வீட்டுக்கு வீடு குழாய், கடைக்குக் கடை குழாய். ஆகவே நகரத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 500 வீடுகள், வீட்டுக்கு 5 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு நாளைக்கு 5 இலட்சம் லிட்டர். கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறதா? இல்லை. அந்தத் தண்ணீரை மக்கள் நாள் முழுவதும் ஒரே சீராகப் பயன்படுத்துவதில்லை. காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் குளியல், சமையல். நண்பகலில் சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவும் வேலை. ஆகவே குழாயின் அளவை, தேவை மிக அதிகமாக இருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி முடிவு செய்ய வேண்டும். அதற்கும் மேலாக, கடைத்தெருவில் தீப்பிடித்தால் குறுகிய நேரத்தில் ஏராளமான தண்ணீர் வேண்டும். 6 அங்குலக் குழாய்க்குப் பதிலாக 12 அங்குலக் குழாய் போட்டால் அதன் வாய் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு பெரிதாகிறது. இன்று சற்று அதிகமாகச் செலவழித்துப் பெரிய குழாய் போடுவதா, பத்தாண்டு கழித்துச் சாலையை உடைத்து மாற்றுவதா? திட்டமிடுவோர் தீர்க்க வேண்டிய வழக்கு இதுவே.

அடுத்தது அழுத்தம். மேட்டில் ஒரு தொட்டி கட்டி, இரவில் நீரேற்றி வைக்கிறார்கள். தொட்டி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தன் கனத்தாலேயே கீழே உள்ள வீடுகளுக்குப் பாய்கிறது. குழாய்கள் மரக்கிளைபோல் ஒருமுனையில் முடிந்தால், நடுவில் உடையும்போது அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குத் தண்ணீர் இல்லை. வளையல்போல் சுற்றி இணைத்தால், உடைந்த துண்டை இரு பக்கமும் அடைத்துவிட்டு மறுபக்கமாக நீர் அனுப்பலாம். அதனால்தான் பெரிய குழாய்களைக் கூடியவரை வளையமாக இணைக்கிறார்கள். இடையிடையே அடைப்பான்களையும் வைக்கிறார்கள்.

கழிவுநீர் அப்படியல்ல. பெரும்பாலும் அதைத் தள்ளிவிட அழுத்தம் கிடையாது; சரிவுதான் அதற்குத் துணை. மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் போடும் கோட்டில் சரிவு தவறினால் பால் கோப்பைக்கு வராமல் பட்டையிலேயே வழிந்துவிடும். கழிவுநீர்க் குழாயும் அதே கதைதான். அதனால் ஆழமான கழிவுநீர்க் குழாய்களை முதலில் இறக்குகிறார்கள். குடிநீர்க் குழாயை அதற்கு மேலாக, விலக்கி வைக்கிறார்கள். கசிவு ஏற்பட்டாலும் அழுக்கு நல்ல நீரில் கலக்கக் கூடாது அல்லவா? பிறகு மின்கம்பி, தொலைபேசிக் கம்பி. மின்சாரத்துக்குத் துணை நிலையம் கட்டக் கடைத்தொகுதிக்குள்ளேயே சிறிது நிலம் ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகே சாலைக்குத் தார். ஒவ்வொரு துறையும் தன் விருப்பப்படி வேலை செய்தால், ஒரே சாலையை மூன்று முறை வெட்டி மூன்று முறை ஒட்டுப்போட வேண்டியதுதான். மாணவனுக்கு நாம் சொன்ன விடையும் இதுதான்: "தம்பி, ஊரின் பாதி மண்ணுக்கடியில் இருக்கிறது. அதை முதலில் கட்டுகிறார்கள்."

சரி, குழாய் ஆயிற்று. அதில் ஓட நீர் வேண்டாமா? 1958-இல் கிளாங் ஆற்றின் குறுக்கே கிளாங் கேட்ஸ் அணை எழுந்தது. பிறகும் நகரங்கள் பெருகிக்கொண்டே போயின. 1960-களில் சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் ஷா ஆலாம் உருவாகத் தொடங்கி, 1978-இல் சிலாங்கூரின் தலைநகரமாயிற்று. 1970-களில் சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா முளைத்தது. ஊர் ஒன்று கூடும்போதெல்லாம் தாகமும் கூடியது. லங்காட், செமினி, சுங்கை சிலாங்கூர் என்று அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு பகாங் மாநிலத்து ஆற்றுநீரை மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாகச் சிலாங்கூருக்குக் கொண்டுவரும் நிலையும் ஏற்பட்டது.

இடையில் 1998-இல் ஒரு பாடம் கிடைத்தது. கடும் வறட்சியால் அணைகள் வற்றிப்போக, கிளாங் பள்ளத்தாக்கில் பல மாதங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. மாடிவீட்டுக்காரரும் வாளி தூக்கிய காலம் அது. இன்னொரு பாடமும் உண்டு. 1980-கள் வரை நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களைப் பெருமளவில் பதித்தார்கள். அவை மூப்படைந்து வெடிக்கலாயின. இந்த நூற்றாண்டில், சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கசிவாலும் பிற காரணங்களாலும் கணக்கில் வராமல் போயிற்று. மூன்று வாளி நிரப்பினால் ஒன்று நடுவழியில் கொட்டிவிடுகிறது என்று பொருள். பெட்டாலிங் ஜெயாவின் 13-ஆம் பிரிவில் தொழிற்சாலைகள் இருந்த இடங்களில் பின்னாளில் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. நிலம் அதேதான்; ஆனால் அதன்மேல் வாழும் தலைகள் பல மடங்கு. இப்படி மேலே மாறும்போது, கீழே உள்ள குழாயின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

நேயர்களே, இவ்வளவும் சொன்ன நாம், மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்னே குறிப்பிட்ட கடைத்தொகுதிக்குப் பெரிய குழாய் பதித்தார்கள் அல்லவா? அது நம் பிள்ளைகளின் லயத்துக்கு ஐம்பது அடி தூரத்தில்தான் போயிற்று. லயத்தில் 60 வீடுகள், ஏறத்தாழ 300 பேர். அவர்கள் நம்பியிருந்ததோ தோட்டத்து ஓடை நீர். மேலே மண்ணைச் சமன்படுத்தியதும் ஓடை சேறாகிவிட்டது. பக்கத்தில் நல்ல நீர் ஓடுகிறது. வீட்டில் பானை காலி. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் லோரி வரும். அந்த லோரிக்காகப் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாக வந்த நாள்கள் பல.

ஏன் அப்படி நேர்ந்தது? யாரும் பகைமையால் செய்ததல்ல. திட்ட வரைபடத்தில் அந்த இடம் 'விவசாய நிலம்' என்று பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை நிறத்தில் மரங்கள் தெரிந்தன, மனிதர்கள் தெரியவில்லை. மேம்பாட்டாளர், "அது எங்கள் நிலமல்ல" என்றார். அலுவலகத்தில், "நில உரிமையாளரின் விண்ணப்பம் வேண்டும்" என்றார்கள். தோட்ட நிர்வாகமோ, விரைவில் விற்கப்போகும் நிலத்துக்குச் செலவு எதற்கு என்று காலம் கடத்தியது. நாம் முன்பு போட்ட கணக்கை நினைவுகூருங்கள்: 500 வீட்டுக்கு 5 இலட்சம் லிட்டர். 300 பேருக்கு வேண்டியது 60 ஆயிரம் லிட்டர் மட்டுமே. குழாய் பதிக்கும்போதே ஒரு கிளைவாய் விட்டிருந்தால் செலவு சொற்பம். பிறகு பெற்றோர்கள் கூடினார்கள். வீட்டு எண், தலை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குப் போதுமான குழாய் நீரை இலவசமாகத் தரும் கடமை முதலாளிக்கு உண்டு என்பதையும் அந்தக் கடிதத்தில் நினைவூட்டினோம். பல மாதம் நடையாய் நடந்த பிறகு கிளைக்குழாய் வந்தது. கோபமாகப் பேசியபோது அசையாதவர்கள், கணக்கைக் காட்டியபோது அசைந்தார்கள்.

ஆகவே நம் தோட்டத்து மக்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்துக்கான திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபமோ ஆலோசனையோ தெரிவிக்கலாம். உங்கள் தோட்டத்தைச் சுற்றிப் புதிய தாமானோ கடைத்தொகுதியோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ சென்று வரைபடத்தைப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் லயம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், "இங்கே இத்தனை வீடு, இத்தனை பேர்" என்று எழுதிக் கொடுங்கள். குழி மூடுவதற்கு முன்பே கொடுங்கள். மூடி, தார் ஊற்றிய பிறகு கேட்பது கடினம்.

காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தத் தோட்டங்களில் பல இன்று நகரமாகிவிட்டன. அந்த நகரத்தின் கணக்கில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இடம்பெற வேண்டும். நாளைக் காலையில் குழாயைத் திறக்கும்போது, வாளி நிறையும் அந்த ஒரு நிமிடத்தில், உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சொல் பார்க்கலாம்?"