அரை ஆள்: கடல் கடந்த தமிழ்க் குழந்தைகளும் சட்டத்தின் கணக்கும்

பெங்களூரின் நீலசந்திரா, பழைய தண்டுப் பகுதியை ஒட்டி வளர்ந்த, தமிழர் மிகுதியாக வாழும் பேட்டை. இன்று அங்கிருந்து பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் புறப்படும் எந்தக் குடும்பமும் பயணச்சீட்டு வாங்கும்போதே ஒரு வயதுக் கணக்கைச் சந்திக்கிறது. இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியில் அமர்ந்து சிறு கட்டணத்தில் பறக்கலாம். பன்னிரண்டு நிறைந்தவர் முழு ஆள். குழந்தையை ஆளின் ஒரு பங்காக அளக்கும் இவ்வழக்கம் விமானங்களுக்கு மிகவும் முற்பட்டது. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் அது நடைமுறையில் இருந்தது. அங்கே அக்கணக்கு கட்டணத்தோடு முடியவில்லை. இடம், உணவு, கூலி, வரி, ஊர் திரும்பும் உரிமை ஆகிய அனைத்தும் அதைப் பொறுத்தே அமைந்தன.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' கப்பல், 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கப்பல் அது. அந்நாளில் சென்னையில் துறைமுகம் கட்டப்பட்டிருக்கவில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்று ஏற வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு புறப்பட்ட தாய்க்குப் பயணத்தின் முதல் ஆபத்து கரையிலேயே காத்திருந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். கப்பல் பதிவேடுகளின் மாவட்டப் பத்தியில் வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய பெயர்களோடு மைசூர், பெங்களூர் ஆகியனவும் காணப்படுகின்றன.

தோட்ட முதலாளிகள் வேண்டியது உழைக்கும் கைகளை. குழந்தைகள் அவர்களுக்குச் செலவாகவே தெரிந்தனர். ஆயினும் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் செல்ல வேண்டும் என்ற விதி வந்தபின், ஆள் சேர்ப்போர் பெண்களைத் தேடியலைந்தனர். பெண்களோடு குழந்தைகளும் வந்தனர். கப்பலின் கொள்ளளவைக் கணக்கிடுகையில் சிறு குழந்தைகள் இருவர் சேர்ந்து ஒரு முழு ஆளாகக் கொள்ளப்பட்டனர். தளத்தில் படுக்கும் இடமும் அதற்கேற்பவே அளக்கப்பட்டது. நோய் மட்டும் இக்கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நெருக்கமான கப்பல் தளங்களில் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பரவியபோது முதலில் பலியானோர் குழந்தைகளே.

சென்னையிலிருந்து 1903 முதல் ஆள் சென்ற பிஜித் தீவின் ஒப்பந்தப் பத்திரம் இக்கணக்கை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆணின் நாட்கூலி ஒரு ஷில்லிங், பெண்ணின் நாட்கூலி ஒன்பது பென்ஸ். அவ்வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கு, தீவை அடைந்த முதல் ஓராண்டுக்கு அரைப் பங்கு உணவு இலவசம். ஐந்து வயதும் அதற்குக் குறைவும் ஆயின், அதே ஓராண்டுக்கு நாள்தோறும் ஒன்பது சட்டாக் பால்; இன்றைய அளவில் ஏறத்தாழ அரை லிட்டர். பன்னிரண்டு வயதுக்குள் தீவில் இறங்கியவர் இருபத்துநான்கு வயதை எட்டுமுன் கேட்டால்தான் இலவசமாக ஊர் திரும்பலாம். நினைவில் நில்லாத ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை, பெற்றோரால் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை வளர்ந்தபின் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நேட்டாலில் நிகழ்ந்தது இன்னும் கடுமையானது. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கும் இந்தியர் மீது, 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது. 1903இல் அவ்வரி அவர்களின் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆண்பிள்ளைக்கு 16 வயதும் பெண்பிள்ளைக்கு 13 வயதும் நிறைந்தால் வரி உண்டு. வரியிலிருந்து தப்ப வழிகள் இரண்டே: மீண்டும் ஒப்பந்தத்தில் கட்டுப்படுவது, அல்லது நாட்டை விட்டு நீங்குவது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டில் ஆணின் மாதக் கூலி 14 ஷில்லிங். தாய், தந்தை, வயதுவந்த மகன், மகள் என நால்வர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு வரி 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். பதினேழு மாதக் கூலிக்கும் அது அதிகம். கப்பலில் அரை ஆளாக இடம் பெற்ற சிறுமி, வரி தண்டும் அதிகாரியின் முன் பதின்மூன்று வயதிலேயே முழு ஆள் ஆனாள். கொடுக்க வேண்டியபோது குழந்தையைக் குறைத்தும், பெற வேண்டியபோது கூட்டியும் எண்ணியது சட்டம்.

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, இவ்வரிக்கு எதிராகத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். அதன் தொடர்ச்சியாக நவம்பரில் எழுந்த நெடும்பயணத்தில் குடும்பங்கள் பிள்ளைகளோடு நடந்தன. அவ்வழியில் இரு கைக்குழந்தைகள் இறந்ததைக் காந்தி பதிவு செய்துள்ளார். ஒன்று குளிரும் வெயிலும் தாங்காது மாண்டது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி நீரில் மூழ்கியது. போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தபோது வயது பதினாறு. அவ்வாண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை நீக்கியது.

புலம்பெயர்வு ஆய்வுகள் பெரும்பாலும் தொழிலாளியை மையமாகக் கொண்டவை. குழந்தை அங்கே தாயின் பெயருக்கு அருகில் வரும் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் நேட்டால் கப்பல் பதிவேடுகளை எண்ணிம வடிவில் பேணி வருகிறது. அவற்றின் வயதுப் பத்தியைத் தனியே எடுத்து, அக்குழந்தைகள் எந்த ஆண்டில் வரிக்குரியோர் ஆயினர், எத்தனை பேர் மீண்டும் ஒப்பந்தத்துக்குள் சென்றனர் என்று தொடர்ந்து பார்க்க இயலும். கையெழுத்தோ கைநாட்டோ இட்டவர்கள் பெற்றோர். அதன் விளைவை நெடுங்காலம் சுமந்தவர்கள் பிள்ளைகள். அவர்களை முழு ஆட்களாக எண்ணும் வரலாறு அந்த வயதுப் பத்தியிலிருந்து தொடங்கலாம்.