சேற்றுக்கு ஏற்ற மாடு

எந்த மாடு விரைந்து வளரும், எந்த மாட்டால் ஊதியம் மிகும் என்னும் வினாவுக்கு அமெரிக்க நாட்டில் எளிதாக விடை காண்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாடுகளைப் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் ஊட்டி, நாள்தோறும் ஒன்றரைக் கிலோ எடை கூடிற்றா என்று பார்க்கிறார்கள். ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஆறேழு கிலோ தீவனம் செலவாகும். அங்கே தீர்ப்புச் சொல்வது தராசு. தஞ்சைத் தரணியில் நெடுங்காலம் தீர்ப்புச் சொன்னது சேறு.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உம்பளச்சேரி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயரால் வழங்கும் மாடு உருவில் சிறியது. பசுவின் உயரம் சுமார் 105 சென்டிமீட்டரே. கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்ளும். எருதின் கொம்பை இளமையிலேயே அகற்றிவிடுவதால் 'மொட்டை மாடு' என்றும் சொல்வர்.

காங்கேயம் காளையின் அருகே நிறுத்தினால் இது சிறுபிள்ளையாகத் தோன்றும். பழையகோட்டைப் பட்டக்காரர் பேணி வளர்த்த காங்கேயம், கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து, வறண்ட கொங்கு மண்ணில் கவலை இறைத்தும் பாரவண்டி இழுத்தும் பெயர் பெற்றது. எடையிலும் தோற்றத்திலும் அதுவே விஞ்சும், ஐயமில்லை.

ஆயினும் அதனைக் கீழ்த்தஞ்சைக் களிமண்ணில் இறக்கினால், முழங்கால் ஆழச் சேற்றில் அதன் கனத்த உடலே அதற்குச் சுமையாகிவிடும். தீவனமும் ஒரு தடை. மேட்டூர் நீர் வரும் ஜூன் மாதம் முதல் தை அறுவடை வரை வயலெல்லாம் நெல். மேய இடம் ஏது? கிடைப்பது வைக்கோல். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அறுவடை முடிந்தபின் தரிசிலும் கடலோர உவர்நிலத்திலும் சிறிது புல் கிடைக்கும். இவ்வளவைக் கொண்டு பேருடலைக் காக்க இயலாது, சிற்றுடலைக் காக்கலாம். உம்பளச்சேரி மாடு அதைத் தின்றே உழுதது, போரடித்தது, வண்டி இழுத்தது, எருவும் தந்தது. மெல்ல வளர்ந்தது என்று குறை கூறுவோர், அது தின்றது என்ன என்பதையும் கேட்க வேண்டும்.

பிறகு கணக்கே மாறிற்று. 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்த முதல் மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் குறுகிய காலக் குறுவை நெல்லான ஏ.டி.டி. 27 பரவியது. ஒரு போகம் அறுத்தவுடன் மறு போகத்திற்கு உழவேண்டிய அவசரம் வந்தது; அந்த அவசரம் டிராக்டருக்கு வழி திறந்தது. உழவு கைவிட்டுப் போனபின், மாட்டை மதிக்கப் பாற்செம்பே அளவுகோலாயிற்று. உம்பளச்சேரிப் பசு ஓர் ஈற்றில் தருவது சராசரி 494 கிலோ பால். காங்கேயம் 540 கிலோ. ஜெர்சிக் கலப்பினப் பசுவோ ஒரே நாளில் எட்டுப் பத்து லிட்டர் கறக்கும்.

கலப்பினம் நட்டம் என்று நான் சொல்லவில்லை. பசும்புல்லும் பிண்ணாக்கும் நிழலும் மருத்துவரும் அருகிருக்கும் இடத்தில், பால் சங்கமும் இருந்தால், அது குடும்பத்தைத் தாங்கும். கடைமடையில் வைக்கோலை நம்பியிருக்கும் சிறு விவசாயி, கறந்த பாலின் விலையை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விட்டால் ஏமாந்து போவார். வரவை மட்டும் கூட்டிவிட்டு விடை வந்துவிட்டது என்று எழுந்து நிற்கும் மாணவனை எந்த வகுப்பிலும் காணலாம்!

இன்று கொருக்கையில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையில் உம்பளச்சேரி இனத்தைப் பேணி வருகிறார்கள். பசுங்கன்றுக்குப் பாலாவது உண்டு. ஏர் பூட்ட அழைப்பார் இல்லாத காலத்தில், பிறக்கும் காளைக்கன்றை எந்த வீட்டார் வைத்து வளர்ப்பார்கள்?