கரும்பலகையில் நாம் கீறும் உருண்டைகள்



கல மென்சவ்வின் படத்தை நாம் எல்லோரும் கீறியிருக்கிறோம். இரு படை இலிப்பிட்டு, இடையிடையே உருண்டையாகப் புரதங்கள். சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972இல் தந்த மாதிரியுரு அது. அந்தப் புரதங்களின் அணு அமைப்பை அன்று எவரும் கண்டிருக்கவில்லை.

அன்று புரதத்தின் வடிவத்தை அணு அளவில் அறிய அதைப் பளிங்காக்கி எக்ஸ் கதிர் செலுத்த வேண்டியிருந்தது. நீரில் கரையும் புரதங்களில் இதைச் செய்துகாட்டிய பெரூட்ஸும் கென்ட்ரூவும் 1962இல் நோபல் பரிசு பெற்றார்கள். மென்சவ்வுப் புரதமோ நீரில் இட்டால் கட்டிபட்டுக் கெட்டுவிடும். சவர்க்காரம் போன்ற பொருளால்தான் அதைப் பிரித்தெடுக்கலாம். அந்தச் சவர்க்காரமே புரதத்தைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டு அடுக்காகவிடாமல் தடுத்தது. இதனால் பலர் இது நடக்காத காரியம் என்றே எண்ணினார்கள்.

1975இல் கேம்பிரிட்ஜில் ஹென்டர்சனும் அன்வினும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஒரு மென்சவ்வுப் புரதத்தின் ஏழு சுருள்களைக் கண்டார்கள். அணுக்கள் தெரியவில்லை.

ஜேர்மனியில் ஹார்ட்முட் மிச்செல் என்ற இளைஞர் அதே புரதத்தில்தான் தொடங்கினார். குளிரூட்டியில் வைத்திருந்த மாதிரி கண்ணாடி போல் திரண்டிருந்ததைக் கண்டு, பளிங்காக்க முடியும் என்று நம்பினார். கிடைத்த பளிங்குகள் போதிய தரத்தில் இல்லை. பின்னர் அவர் ஒளித்தொகுப்புச் செய்யும் ஓர் ஊதாப் பற்றீரியாவின் புரதத்துக்கு மாறினார். அந்தப் பற்றீரியா அதைத் தானாகவே நிறைய உற்பத்தி செய்கிறது. புரதத்துக்குச் சொந்த நிறமும் உண்டு. சுத்திகரிக்கும்போது அது கெட்டால் நிறமாற்றமே காட்டிக்கொடுக்கும். சிறிய மூலக்கூறுள்ள சவர்க்காரத்தைத் தெரிந்து, ஹெப்டேன்ட்ரையோல் என்ற இன்னொரு சிறு மூலக்கூறையும் சேர்த்தார். வளையம் சுருங்கியது, புரதங்கள் ஒன்றையொன்று தொட்டன. 1982இல் பளிங்குகள் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

டைசென்ஹோபர், ஹூபர் ஆகியோருடன் சேர்ந்து 10,000க்கும் மேற்பட்ட அணுக்களின் இடத்தைக் கண்டறிந்தார். மூவருக்கும் 1988இல் நோபல் பரிசு.

எல்லாப் புரதமும் இப்படித் தாராளமாகக் கிடைப்பதில்லை. ஆகவே பரம்பரையலகை ஈ. கோலை பற்றீரியாவுக்குள் செலுத்தி உற்பத்தி செய்யும் வழி வந்தது. 1998இல் மக்கின்னன் பொற்றாசியம் கால்வாயின் வடிவத்தை அவ்வாறே கண்டார். நமது நரம்புக் கணத்தாக்கத்தின் பாடம் அதனால் தெளிவானது. இன்று நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பகுதி சென்று ஒட்டுவதும் மென்சவ்வுப் புரதங்களில்தான்.

ஆசிரிய நண்பர்களே, அந்த உருண்டைகளைக் கீறும்போது இந்த வரலாற்றையும் இரண்டு நிமிடம் சொல்வோம். விடையை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் மனனம் செய்வார்கள். அது கிடைத்த வழியைச் சொன்னால் கேள்வி கேட்பார்கள்.