நீலகிரிப் புல்வெளியும் தீயும்: சாண்டிநல்லாச் சதுப்பின் சாட்சியம் பற்றிய ஒரு மறு ஆராய்ச்சி

நீலகிரிப் பீடபூமியின் புல்வெளிகள், ஆயர்கள் மூட்டிய தீயினால் சோலைக்காடுகள் அழிந்தமையால் உண்டானவை என்றும், தீயை விலக்கிவிட்டால் சோலை தானாகவே சரிவுகளை மீட்டுக்கொள்ளும் என்றும் ஒரு சாரார் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் அபிப்பிராயம், சாண்டிநல்லாச் சதுப்பைப் பற்றிய ஆராய்ச்சி 1993-இல் வெளிவந்த பிறகும் கைவிடப்படவில்லை; அவ்வாராய்ச்சியையே தனக்குச் சாதகமாகப் பொருள்கொண்டு புதிய வடிவில் உலவி வருகிறது. அப்பொருள் அந்தச் சான்றுக்கு இசையாது என்பதும், மலைச்சரிவில் தீ செய்யும் காரியத்தை அங்கே வேர்கொண்டிருக்கும் தாவரமே நிர்ணயிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அந்த 1993 ஆராய்ச்சியில் சுகுமாரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தது, சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்து முற்றும் மக்காமல் கறுத்துக் கிடக்கும் தாவர எச்சத்தை. ஒளிச்சேர்க்கை முறையில் மரங்களும் குளிர்நிலப் புற்கள் சிலவும் சி-3 வகையைச் சேர்ந்தவை. வெப்பநிலப் புற்களிற் பெரும்பாலானவை சி-4 வகையின. முன்னவற்றின் கார்பன்-13 அளவு ஆயிரத்துக்கு −27-ஐ ஒட்டியும், பின்னவற்றின் அளவு −12-ஐ ஒட்டியும் நிற்பதால், ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வகை மேலோங்கியது என்பதை அனுமானிக்கலாம். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது சி-4 மேலோங்கியது. பின்னர் ஈரம் மிகுந்து சி-3 பெருகியது. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் மீண்டும் சி-4 தலையெடுத்தது. ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன் குறுகியதோர் ஈரக்காலம் வந்து போயிற்று.

நாம் மறுக்கும் கட்சியினர் இவ்வரிசையை இவ்வாறு வாசிக்கின்றனர்: சி-3 பெருகிய காலம் சோலை மலையெங்கும் பரவிய காலம், அதன்பின் சி-4 திரும்பியது ஆயரின் தீயால். இவ்வாசிப்பின் முதற்குறை, இரு சாட்சியங்களையும் சம எடையுள்ளனவாகக் கொள்வது. சோலை மரம் எதுவும் சி-4 வகையன்று. ஆதலின் அவ்வகையின் தடயம் திறந்த வெளிக்கு நேரான பிரமாணம். சி-3 தடயமோ மரத்திலிருந்தும் வரலாம், குளிர்நிலப் புல்லிலிருந்தும் வரலாம், சதுப்பிலேயே வளரும் கோரையினங்களிலிருந்தும் வரலாம். அதைக் கொண்டு மரம் மூடிய மலையைக் கற்பித்து, அந்தக் கற்பனைக் காட்டை எரித்தவர் யார் என்று தேடுவது, சான்று தராத ஒன்றின்மீது வழக்குத் தொடுப்பதாகும்.

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. 6,000 ஆண்டுகளுக்குப் பின் பருவமழை நலிவுற்றமைக்கு ராஜஸ்தானத்து ஏரிப்படிவுகளிலும் குறிகள் உள்ளன. மழைக்குறைவே விளக்கிவிடும் மாற்றத்துக்குத் தீயை அழைப்பது மிகை. இதனினும் வலியது 600 ஆண்டுகளுக்கு முந்திய ஈரக்காலம். போசள மன்னன் விஷ்ணுவர்தனன் காலத்துக் கல்வெட்டொன்று கி.பி. 1117-இலேயே எருமை மேய்க்கும் தோடரைக் குறிப்பிடுகிறது. அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்து, எருமை மந்தைகளும் அவற்றை மேய்ப்போரும் மலைமீது இருந்த காலத்தில், கார்பன் அளவின் வளைவு சி-3 பக்கம் சாய்கிறது! ஆயரின் தீயே இந்த அளவுகளை ஆண்டதாயின், வளைவு எதிர்ப்பக்கமன்றோ சாய்ந்திருக்க வேண்டும்? ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு முடிவு கட்டுதல் தகாது என்பதை அறிவோம். ஆயினும் எதிர்க்கட்சிக்கு இதற்கு விடையுண்டு எனத் தோன்றவில்லை.

பனியூழிக் காலத்தில் வாயுமண்டலக் கரியமிலவாயு குறைந்திருந்ததே சி-4 செழிக்கப் போதுமான காரணம் என்பாரும் உளர். அந்தத் தொன்மையான அடுக்கைப் பொறுத்தவரை இதைப் பெருமளவு ஒப்புக்கொள்ளலாம். 6,000 ஆண்டுக் கால மாற்றத்தை இது தொடாது. சதுப்பு சதுப்பை மட்டுமே பேசும், சரிவைப் பேசாது என்ற ஆட்சேபம், அதே சதுப்பைச் சான்றாகக் கொண்டு அதை எழுப்புவோரையே முதலில் தாக்குவதால், அதை நெடிது ஆராய வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் தீக்குப் பங்கே இல்லையா எனின், உண்டு. அது படைக்கும் பங்கன்று, காக்கும் பங்கு. சோலை விளிம்பிலிருந்து சில அடி தள்ளிப் புல்லிடையே முளைத்த நாவல் இனத்துக் கன்றை, தை மாதத்து உறைபனி இரவொன்று கழிந்த காலையில் பார்ப்பவர், தளிர்கள் வெந்நீர் ஊற்றினாற்போல் கறுத்துத் தொங்கக் காண்பார். தீ வருவதற்கு முன்பே அக்கன்றின் கதி முடிந்திருக்கும். அதே பனியில் காய்ந்த புல், மாசி, பங்குனியில் எரிந்தாலும், தீ விரைந்தோடிவிடுவதால் வெப்பம் மண்ணுள் ஆழ இறங்குவதில்லை. தூரின் அடியிலுள்ள குருத்து தப்பிச் சில வாரங்களில் பசுமை கொள்கிறது. தீ சோலையின் ஈரமான சருகில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத ஆண்டில் விளிம்பு கருகினால், அது மீள்வதற்கு நிழலும் ஈரமும் பல தலைமுறைகள் கூடியிருக்க வேண்டும். காட்டுப் பூவரசு மட்டும் தடித்த பட்டையின் துணையால் புல்வெளி நடுவே தனித்து நின்று தாங்குகிறது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது சென்ற நூற்றாண்டின் மரநடவு. புல்வெளியைச் சிதைந்த காடெனக் கருதியவர்கள் அதில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டனர். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரு பங்கு புல்வெளி மறைந்ததற்கு இத்தகைய நடவும் விவசாயமும் காரணமாயின. சீகையின் விதை கடின ஓட்டுடன் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். தீயின் வெப்பம் அவ்வோட்டைப் பிளந்து அதை முளைக்கத் தூண்டும். அதன் கன்று சோலைக் கன்றைக் காட்டிலும் உறைபனியைத் தாங்கவும் வல்லது. எனவே புல் மட்டுமிருந்த சரிவில் எரிந்தபின் புல் மீள்கிறது. சீகை நின்ற சரிவில் எரிந்தபின் சீகையே முன்னினும் அடர்ந்து எழுகிறது.

ஒரே நெருப்பு இருவேறு பயன் தருமாயின், எல்லாச் சரிவுக்கும் பொதுவான தீவிலக்கு விதி ஒன்றை வகுப்பது சாஸ்திர சம்மதமாகாது. கார்பன் அளவு தீயைப்பற்றி மௌனமானது என்பதால், காலம் கணிக்கப்பட்ட அதே அடுக்குகளில் கரித்துகளை எண்ணி, சி-4 பெருக்கத்துக்கு முன்னரே கரி பெருகியதென யாரேனும் நிறுவுவாராயின், எமது துணிபு திருத்தம் பெற வேண்டியதே. அதுவரை, சோலையை மீட்க விரும்புவோர் தீயைத் தடுப்பதோடு நில்லாமல், சீகையை அகற்றி, அதன் விதையிலிருந்து எழும் கன்றுகளையும் ஆண்டுதோறும் களைந்து, சோலை தன் விளிம்பிலிருந்தே பரவுவதற்கு இடமளிப்பதே தக்க நெறி. புல்வெளியில் மரம் நடுவதற்கு இச்சதுப்பு எந்த நியாயமும் வழங்கவில்லை.