ஹவுஸ், டெக்னோ பிடிக்குமா... பாட்டுப் பேரோட லேபிள் பேரையும் பாருங்க!

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போகும்போது, 'தும்... தும்... தும்... தும்'னு ஒரே சீராக அடிக்கும் ஒரு பீட்டில் உங்கள் விரல் நின்றிருக்கும். ஷஸாம் போட்டுப் பேரைக் கண்டுபிடித்து, பிளேலிஸ்ட்டிலும் சேர்த்திருப்பீங்க. அடுத்து? யார் பாடினதுன்னு தேடினா பல நேரம் பாடகரே இருக்க மாட்டார். படமும் கிடையாது, ஹீரோவும் கிடையாது. அப்போ இதே மாதிரி இன்னும் நாலு பாட்டு வேணும்னா, எதைப் பிடிச்சுக்கிட்டுப் போறது?

பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் லேபிள் பேரைத்தான். நம்ம ஊரில் 'ராஜா பாட்டு', 'ரஹ்மான் பாட்டு' என்று தேடுவோம் இல்லையா? ஹவுஸ், டெக்னோ உலகத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சின்னச் சின்ன இண்டி லேபிள்கள்தான். புது ரிலீஸ்களைத் தேட மட்டுமல்ல, நீங்க கொடுக்கும் காசு யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கவும் அந்தப் பேர் முக்கியம்.

ஹவுஸ் எது, டெக்னோ எது?

ரெண்டுமே அமெரிக்காவில் பிறந்தவை. ஹவுஸின் ஊர் சிகாகோ. அங்கே 'தி வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் 1977 முதல் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டி.ஜே-வாக இருந்தார். கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள் தைரியமாகக் கூடி ஆடிய இடம் அது. அந்த கிளப்பின் பேரிலிருந்துதான் 'ஹவுஸ்' வந்தது என்பார்கள். டிஸ்கோவின் துள்ளல், கீபோர்டு, சில நேரம் மனசை உருக்கும் குரல்... இதெல்லாம் இருந்தால் அது ஹவுஸ். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 பீட்.

டெக்னோவின் ஊர் டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகளின் நகரம். பெல்வில் என்ற புறநகர்ப் பள்ளியில் பழகிய ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று நண்பர்கள்தான் இதன் முன்னோடிகள். டெக்னோவில் குரல் குறைவு, மெஷின் சத்தம் அதிகம். வேகம் 125-ல் ஆரம்பித்து 140-ஐயும் தாண்டிப் போகும்.

சுவாரஸ்யம் என்னன்னா, ரெண்டுமே சொந்த லேபிள்களில் வளர்ந்த இசை. முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலரும் சொல்லும் 'ஆன் அண்ட் ஆன்'-ஐ 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் சொந்த லேபிளில்தான் வெளியிட்டார். டெட்ராய்ட் நண்பர்களும் மெட்ரோபிளெக்ஸ், டிரான்ஸ்மேட், கே.எம்.எஸ் என்று ஆளுக்கொரு லேபிள் தொடங்கினார்கள்.

லேபிள் என்ன வேலை செய்யும்?

வந்து குவியும் டெமோக்களில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது, சவுண்டை மாஸ்டரிங் செய்ய வைப்பது, கவர் டிசைன், வினைல் தட்டு அச்சடிப்பது, கடைகளுக்கும் ஆப்களுக்கும் அனுப்புவது, டி.ஜே-க்கள் கையில் சேர்ப்பது... இத்தனையும் லேபிளின் வேலை. சின்ன லேபிள் என்றால் ரெண்டு மூணு பேரே எல்லாத்தையும் பார்ப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு லேபிளுக்கும் தனி ருசி இருக்கும்.

உதாரணம், ஜெர்மனியின் கொலோன் நகரத்து 'கொம்பாக்ட்'. 1993-ல் ஒரு ரெக்கார்டு கடையாகத் தொடங்கியது. இப்போ கடை, லேபிள், விநியோகம் எல்லாம் ஒரே குடையின் கீழ். 1999-ல் தொடங்கிய 'டோட்டல்' என்ற இவர்களுடைய தொகுப்பு வரிசையில் ஒன்றைக் கேட்டாலே, லேபிளின் ருசி பிடிபட்டுவிடும். புதுசா ஒரு லேபிளுக்குள் நுழைய, இப்படி ஒரு தொகுப்புதான் ஈஸியான வாசல்.

'இண்டி'ன்னா நல்லவங்களா?

இங்கேதான் கொஞ்சம் உஷார். பெரிய கம்பெனி என்றால் சுரண்டும், சின்ன லேபிள் என்றால் கலைஞர்களைக் காப்பாற்றும் என்று நினைச்சிடாதீங்க.

சிகாகோவின் 'டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ்' ஹவுஸ் வரலாற்றில் தவிர்க்க முடியாத இண்டி லேபிள். மார்ஷல் ஜெஃபர்சனின் 'மூவ் யுவர் பாடி', ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' என்று கிளாஸிக்குகளாக வெளியிட்டது. லாரி ஹெர்ட், 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பேரில் செய்த 'கேன் யூ ஃபீல் இட்' 1986-ல் வந்ததும் இதில்தான். இன்று கேட்டாலும் நேற்று செய்தது போல இருக்கும் பாட்டு.

ஆனால், தங்கள் பாடல்களுக்கு ராயல்டியே வரவில்லை என்று லாரி ஹெர்ட்டும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் டிராக்ஸ் மீது வழக்கு போட்டார்கள். 2022-ல் சமரசம் ஆகி, பாடல்களின் உரிமை அவர்கள் கைக்குத் திரும்பியது. கணக்குப் போட்டுப் பாருங்க... 36 வருஷம்! அத்தனை வருஷமும் உலகம் முழுக்க கிளப்களில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெரிய கம்பெனியைப் பின்வாங்க வைத்த 'ஜாகுவார்'

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பது டெட்ராய்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்'. ரசிகர்களுக்குச் சுருக்கமாக யூ.ஆர். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கியது. சீக்கிரமே ராபர்ட் ஹுட்டும் சேர்ந்தார். மைக் பேங்க்ஸ் முகத்தை மூடிக்கொண்டுதான் பொதுவெளிக்கு வருவார். ஆளைப் பார்க்காதே, இசையைக் கேள் என்பது கொள்கை.

1999-ல் யூ.ஆர் வெளியிட்ட டி.ஜே ரோலண்டோவின் 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' உலகம் முழுக்க ஹிட். உடனே சோனியின் ஜெர்மனி கிளை, யூ.ஆரின் அனுமதி இல்லாமலே அந்த மெட்டை அப்படியே திரும்ப வாசிக்கவைத்து ஒரு வெர்ஷனைத் தயார் செய்தது. வழக்கு நடத்துமளவு பணபலம் சின்ன லேபிளுக்கு ஏது? ஆனால், ரசிகர்கள் இருந்தார்கள். பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு மெயில்கள் குவிந்தன. சோனி பின்வாங்கியது.

இண்டி என்றால் அளவில் சின்னது என்று மட்டும் அர்த்தம் இல்லை. உரிமை யார் கையில் இருக்கு என்பதுதான் கேள்வி. டிராக்ஸும் இண்டிதான், யூ.ஆரும் இண்டிதான். வித்தியாசம் நடத்தையில் இருக்கு.

புது ரிலீஸைப் படிப்பது எப்படி?

லேபிளின் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படும் வார்த்தைகளுக்கு ஒரு மினி அகராதி:

- கேட்டலாக் எண்: லேபிளின் சுருக்கமும் வரிசை எண்ணும். 'ஜாகுவார்' ரெக்கார்டின் எண் யூ.ஆர்-049. எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போனால், லேபிளின் மொத்தக் கதையும் கிடைக்கும்.
- இ.பி: ஆல்பத்தைவிடச் சின்னது. மூன்று, நான்கு டிராக்குகள். ஹவுஸ், டெக்னோவில் பெரும்பாலான புது ரிலீஸ்கள் இந்த வடிவத்தில்தான் வரும்.
- ஏ1, பி1: வினைல் தட்டின் எந்தப் பக்கம், எத்தனையாவது டிராக் என்பது. எடுப்பான டிராக் பெரும்பாலும் ஏ பக்கம். விநோதமான பரிசோதனைகள் பி பக்கம். பி பக்கத்தை மிஸ் பண்ணாதீங்க!
- ரீமிக்ஸ், டப்: ரீமிக்ஸ் என்றால் வேறொருவர் அதே டிராக்கைப் பிரித்துக் கட்டியது. டப் என்றால் பாட்டின் குரலைக் குறைத்து, பீட்டையும் எதிரொலியையும் தூக்கிக் காட்டும் வெர்ஷன்.
- ஒயிட் லேபிள்: நடுவில் பேர் அச்சடிக்காத வெள்ளைத் தாள் ஒட்டிய தட்டு. ரிலீஸுக்கு முன் டி.ஜே-க்களுக்குச் சோதனைக்காகத் தருவது.

இன்னொரு டவுட் எல்லோருக்கும் வரும். முதல் ஒரு நிமிஷம் வெறும் டிரம்ஸ் மட்டும் ஓடுதே, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்? அது டி.ஜே-க்கான இடம். முந்தைய பாட்டின் பீட்டோடு இதைச் சேர்த்துக் கோக்க அந்த ஒரு நிமிஷம் தேவை. பல டிராக்குகள் ஆறேழு நிமிஷம் நீள்வதற்கும் இது ஒரு காரணம். அதனால் 30 செகண்டில் ஸ்கிப் பண்ணாதீங்க. அப்புறம், மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'பெருசா ஒண்ணுமில்லையே' என்று சொல்லாதீங்க. அடிநாதமான பேஸ் சத்தத்தை அந்தக் குட்டி ஸ்பீக்கரால் தரமுடியாது. ஹெட்போன் முக்கியம் பாஸ்!

காசு யாருக்குப் போகுது?

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி இருக்கு. 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத டிராக்குக்கு ராயல்டி கிடையாது. சினிமாப் பாட்டுக்கு 1,000 ஒரு எண்ணே இல்லை. ஆனால், வினைலில் 300 காப்பி மட்டும் அடிக்கும் ஒரு லேபிளுக்கு அது பெரிய எண்.

அதனால்தான் இண்டி லேபிள்கள் பல, 'பேண்ட்கேம்ப்' தளத்தில் நேரடியாக விற்கின்றன. 100 ரூபாய்க்கு ஒரு டிராக் வாங்கினால் தளத்துக்கு வழக்கமாக 15 ரூபாய். பேமென்ட் கட்டணம் தனி. மிச்சம் லேபிளுக்கு. அங்கிருந்து, செலவு போக லேபிளும் கலைஞரும் பாதிக்குப் பாதி என்பது பல இண்டி லேபிள்களின் வழக்கம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாள்களில் அந்த 15 ரூபாயையும் தளம் எடுத்துக்கொள்ளாது. வாங்குவதை அந்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தால், உங்களுக்கு அதே விலை, அவர்களுக்குக் கூடுதல் காசு. இங்கிருந்து வாங்க, உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கணும்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தளமும் 2022-ல் எபிக் கேம்ஸ் கைக்கும், 2023-ல் சாங்டிராடர் கைக்கும் மாறியது. அப்போது ஏறக்குறைய பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆப் இன்று இருக்கும், நாளைக்கு மாறும். வாங்கிய பாட்டை டவுன்லோடு செய்து சேமித்து வைப்பதே நல்லது.

மறந்ததையும் மீட்பாங்க!

புது ரிலீஸ் பட்டியலில் சில நேரம் பழைய பொக்கிஷமும் வரும். மும்பையின் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் 10 ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். நம்ம மோகனமும் இந்தோளமும் இந்துஸ்தானியில் பூபாலி, மால்கவுன்ஸ் என்ற பேரில் அதில் இருக்கு. அவர் பயன்படுத்திய ரோலண்ட் டி.பி-303 மெஷின்தான், ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' பிறக்கக் காரணமான மெஷின். அப்போது அந்த ஆல்பத்தை யாரும் பெருசாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற நெதர்லாந்தின் சின்ன லேபிள் அதை மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சரண்ஜித் சிங் 2015-ல் இறப்பதற்கு முன், வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தும் காட்டினார்.

சரி, உங்க பிளேலிஸ்ட்டில் ரொம்பப் பிடித்த டிராக் ஒன்றைத் திறந்து கிரெடிட்ஸைப் பாருங்க. லேபிள் பேர் இருக்கா? அதைத் தேடுங்க. முந்தைய ரெண்டு ரிலீஸைக் கேளுங்க. பிடிச்சிருந்தா ஒரே ஒரு டிராக்கைக் காசு கொடுத்து வாங்குங்க. ஒரு டீ, ரெண்டு சமோசா காசுதான். ஆனால், அந்த லேபிள் அடுத்த ரெக்கார்டை அச்சடிக்குமா என்பதை இப்படிச் சேரும் சில்லறைதான் முடிவு செய்யும்.