அஞ்செட்டி ரோடும் பனிக்கால சைக்கிளும்

கார்த்திகை பாதி தாண்டினா எங்க ஊர் ரோட்டுக்கு ஒரு கூட்டம் வர ஆரம்பிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில, பனி விலகாத நேரத்துல, உடம்போட ஒட்டின கலர் சட்டை, தலையில ஹெல்மெட், வண்டிக்கு முன்னால கண்ணு கூசுற வெள்ளை லைட்டு, பின்னால மினுக்குற சிவப்பு லைட்டு. பெங்களூருல இருந்தும் ஓசூர்ல இருந்தும் வர்றவங்க. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி வரைக்கும் வருவாங்க. சில பேர் நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல்லுக்கே இறங்கிப் போவாங்க. சந்தைக்கும் இல்ல, வேலைக்கும் இல்ல, சும்மா மிதிக்கிறதுக்கு.

"இந்தக் குளிர்ல எதுக்குப்பா?"ன்னு எங்க பெரியம்மா கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பதில் தேடப் போனா எங்க பக்கத்து சைக்கிளோட மொத்தக் கதையும் வருது.

சைக்கிள் பந்தயம் வளர்ந்த ஐரோப்பாவுல குளிர்காலம்னாலே ரோட்டு சைக்கிளுக்குக் கஷ்டகாலம். பனிக்கட்டி உருகறதுக்காக ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க. அந்த உப்புத்தண்ணி செயினையும் கம்பியையும் அரிச்சிடும். அதனால இங்கிலாந்துல பல பேர் நல்ல வண்டியை வீட்டுக்குள்ள மாட்டி வச்சிட்டு, மட்கார்டு போட்ட பழைய வண்டி ஒண்ணைக் குளிர்காலத்துக்குன்னே வச்சிருப்பாங்க. பிரான்ஸ்ல பந்தயக்காரங்க குளிர்காலத்துல உடம்பு தளர்ந்துடக் கூடாதுன்னு சேத்துலயும் வயல்லயும் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அதுவே தனிப் பந்தயம் ஆகி, 1902-ல் முதல் தேசியப் போட்டியும் நடந்துச்சு. சைக்ளோகிராஸ்னு பேரு.

நம்ம பக்கம் கணக்கு நேர் தலைகீழ். மாசி கடைசியிலயே வெயில் ஏறிடும். ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் மழையை நம்ப முடியாது. ரோடு காஞ்சும் காத்து குளிர்ந்தும் இருக்கிறது நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காவிரிக்கரை அதுல பாதி உயரம்கூட இல்ல. நடுவுல இறங்குற மலை ரோடு எங்களுது. இறங்கறது சுகம், திரும்ப ஏறும்போதுதான் தெரியும் சேதி. அந்த ஏத்தத்துக்காகவே வர்றோம்னு ஒரு தம்பி என்கிட்ட சொன்னாரு. எங்க தாத்தா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு.

அவர் காலத்துல ஏத்தம்னா சைக்கிளைத் தள்ளுற இடம். அப்ப இது சேலம் ஜில்லா. 1965-ல் தருமபுரி பிரிஞ்சு, 2004-ல் கிருஷ்ணகிரி ஆச்சு. சைக்கிள் வச்சிருந்தவங்க ஊருக்கு ரெண்டு மூணு பேர்: மணியக்காரர், வாத்தியார், தபால்காரர். வண்டியெல்லாம் சீமைச் சரக்கு. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. இந்த பி.எஸ்.ஏ.ங்கிறது பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனியோட சுருக்கப் பேருன்னு நம்மில் பல பேருக்குத் தெரியாது. 1949-ல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. அட்லஸும் ஹீரோவும் அடுத்தடுத்து வடக்கே இருந்து வந்துச்சு. அப்புறம்தான் சைக்கிள் சம்சாரி கைக்கு எட்டுச்சு. மாப்பிள்ளைக்குக் கேக்குற சீர்ல சைக்கிளும் ரேடியோவும் வாட்சும் ஒண்ணா உட்கார்ந்த காலம் அது.

எங்க வீட்டு முதல் சைக்கிள் ஆளைச் சுமந்ததைவிட மூட்டையைச் சுமந்ததுதான் அதிகம். கேரியர்ல ஒரு ராகி மூட்டை, பார்ல குறுக்கால இன்னொண்ணு, ஆள் பக்கத்துல நடந்து தள்ளுவாரு. அந்த வேலையும் பனிக்காலத்துலதான். கார்த்திகை, மார்கழியில ராகி அறுப்பு, பின்னாலயே கொள்ளு, அவரை. தை முடிஞ்சா புளி. மழையில சேறா கிடந்த வண்டிப்பாதை அப்பதான் காஞ்சு சக்கரம் உருளும். ஆக பனிக்கால சைக்கிள் எங்களுக்குப் புதுசு இல்ல. சுமை மட்டும்தான் இறங்கியிருக்கு.

ராத்திரியில லைட்டு இல்லாம ஓட்டினா போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும், டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுட்டு நடக்கச் சொல்வாங்க. டைனமோ வாங்க வழியில்லாதவங்க மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்க விட்டாங்க. வருஷா வருஷம் சைக்கிளுக்கு வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கி மாட்டணும். இன்னைக்கு லட்ச ரூபாய் சைக்கிளுக்கு எந்த வில்லையும் கிடையாது!

பொழுதுபோக்குக்கு சைக்கிள் விடறதை நகரத்துக்காரங்க கண்டுபிடிச்சதா நினைச்சுக்காதீங்க. வாடகை சைக்கிள் கடையில மணிக்கணக்குல வண்டி எடுத்து, பார் எட்டாததால காலை உள்ள விட்டுக் குரங்கு பெடல் போட்டுச் சுத்தினோமே, அது வேற என்ன?

அதைவிடப் பெருசு ஒண்ணு இருந்துச்சு. அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு புரள்ற தை, மாசியில ஊருக்கு ஒரு ஆள் வருவாரு. பள்ளிக்கூட மைதானத்துல வட்டமா கயிறு கட்டி, நடுவுல கம்பம் நட்டு, அதுல குழாய் ஸ்பீக்கரும் கட்டுவாங்க. அவர் சைக்கிள்ல ஏறினா ஏறினதுதான். மூணு நாள், அஞ்சு நாள், சில ஊர்ல எட்டு நாள்னு கீழே காலை ஊனாம சுத்திக்கிட்டே இருப்பாரு. சாப்பாடு சைக்கிள் மேலயே. குளிக்கிறதும் சைக்கிள் மேலயே, ரெண்டு பேர் குடத்தோட கூடவே ஓடுவாங்க. பொழுது சாஞ்சதும் வித்தை: ஒத்தைச் சக்கரத்துல நிக்கிறது, பல்லால குடத்தைத் தூக்கறது, நெஞ்சுல டியூப் லைட்டை உடைக்கிறது. நடுவுல ரெக்கார்டு டான்ஸ். மார்கழிக் குளிர் மிச்சமிருக்கிற ராத்திரியில, ஜனம் கம்பளியைப் போத்திக்கிட்டுப் போனப்புறமும், அந்த மனுஷன் தனியா சுத்திக்கிட்டு இருப்பாரு. கடைசி நாள் மாலை போட்டு ரூபாய் நோட்டைச் சட்டையில குத்துவாங்க. ஊர் கொடுத்த நெல்லும் ராகியும் மூட்டையில போகும். தமிழ்நாடு முழுக்க நடந்த வித்தை இது. அவங்க பேரை யாரும் எழுதி வைக்கல. உலகத்துல எந்த நெடுந்தூர சைக்கிள்காரனுக்கும் குறைஞ்சவங்க இல்ல அவங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அப்புறம் ஓசூர் மாறிச்சு. 1971-ல் தொடங்கின சிப்காட் அங்க தொழிற்பேட்டை போட்டுச்சு. அசோக் லேலண்டு வந்துச்சு, டைட்டன் வந்துச்சு. எங்க கதைக்கு முக்கியமானது 1980. அந்த வருஷம் ஓசூர் தொழிற்சாலையில இருந்து டி.வி.எஸ். 50 வெளிய வந்துச்சு. ரெண்டு பேர் போகக்கூடிய மொபெட் இந்தியாவுல அதுதான் முதல். ராகி மூட்டையும் பால் கேனும் ஒவ்வொண்ணா சைக்கிளை விட்டு அதுக்கு ஏறிச்சு. கிராமத்துச் சைக்கிளை ஓரம்கட்டின வண்டி எங்க வீட்டுக்கு அம்பது கிலோமீட்டர்ல பிறந்தது. இன்னைக்கு அதே ஓசூர் கம்பெனிகள்ல வேலை பாக்குற இன்ஜினியருங்க ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல வர்றாங்க. இதுல எனக்கு ஒரு சின்ன வேடிக்கை.

நடுவுல சைக்கிளைக் காப்பாத்தினது பெண்கள்தான்னு சொல்லணும். 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டையில ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. குவாரியில வேலை செஞ்சவங்க, கூலிக்குப் போனவங்கன்னு எல்லாரும். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சு, பின்னாடி அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும்னு ஆச்சு. எங்க மலைக் கிராமங்கள்ல முதல்முதலா சைக்கிள் மிதிச்ச பொண்ணுங்க பல பேர் அந்த வண்டியிலதான் கத்துக்கிட்டாங்க.

ஊர் சுத்திப் பாக்க வெளியூர்க்காரங்க எங்க காட்டுக்கு வராம இருந்ததுக்கு இன்னொரு காரணம் உண்டு. வீரப்பன். கோபிநத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான். 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கத்துல அவர் கதை முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் இந்த ரோட்டுல வேடிக்கை பாக்குறதுக்குன்னு ஆள் நடமாட்டம் வந்துச்சு.

அதே சமயம் பெங்களூருல ஐ.டி. வேலைக்காரங்க மத்தியில கியர் சைக்கிள் மோகம் பிடிச்சிருந்துச்சு. 2008 டிசம்பர்ல 'டூர் ஆஃப் நீலகிரிஸ்'னு ஒண்ணு தொடங்கினாங்க. பந்திப்பூர், முதுமலை வழியா, 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி மலையில மிதிச்சு ஊட்டி ஏர்ற பயணம். இன்னொரு பக்கம் 'பிரெவே'. பாரிஸ்ல இருக்கிற ஒரு பழைய கிளப் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரை பதிமூணரை மணி நேரத்துல, 300-ஐ 20 மணி நேரத்துல, 400-ஐ 27-ல், 600-ஐ 40-ல் முடிக்கணும். பந்தயம் கிடையாது, முதல் பரிசு கிடையாது, நேரத்துக்குள்ள வந்தா போதும். நாலையும் முடிச்சா நாலு வருஷத்துக்கு ஒருதரம் நடக்குற 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குப் போகலாம். அவங்க கணக்கு வருஷமே நவம்பர்லதான் தொடங்குது. அதுக்குப் பழகுறவங்களுக்கு ஓசூரைச் சுத்தின ரோடெல்லாம் சர்க்கரைப் பொங்கல் மாதிரி.

இங்கதான் சிக்கல். பனிக்கால ரோட்டுக்கு ஏற்கனவே ரெண்டு சொந்தக்காரங்க இருக்காங்க.

ஒண்ணு, எங்க தானியம். களம் வச்சிருந்த வீடுங்க குறைஞ்சு போச்சு. அதனால ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டுல பரப்பிடறோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி உதிர்த்துக் கொடுத்துடும். காசில்லாத தாம்பு மாடு! விரல் அகலம்கூட இல்லாத டயர்ல வர்றவங்களுக்கு அது எமன். கொள்ளுத்தண்டு செயின்ல சுத்திக்கும், பயறு மேல சக்கரம் வழுக்கும். போன வருஷம் ஒருத்தர் விழுந்து முழங்கை கிழிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் வச்சுக் கட்டினாங்க. "ரோட்டுல போய்ப் போடலாமாக்கா?"ன்னு கேட்டாரு. "வேற எங்க தம்பி போடறது?"ன்னு அந்த அக்கா கேட்டதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. போடக்கூடாதுன்னு அதிகாரிங்க சொல்றது சரிதான். ஊருக்கு ஒரு சிமென்ட் களம் போட்டுக் கொடுத்துட்டு சொன்னா இன்னும் சரியா இருக்கும்.

ரெண்டாவது சொந்தக்காரர் யானை. ராகி பால் பிடிக்கிற நேரம் பார்த்து, ஐப்பசி கார்த்திகையில பன்னேர்கட்டா காட்டுல இருந்து கூட்டமா ஜவளகிரி, தளி வழியா இறங்குவாங்க. எங்களைச் சுத்தின காட்டுல பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆச்சு, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் 686 சதுர கிலோமீட்டருக்கு காவிரி தெற்கும் வந்துச்சு. யானைக்கு அது வீடு, எங்க ராகி அதுக்குப் பந்தி. பரண்ல உட்கார்ந்து, தீப்பந்தமும் பட்டாசுமா விடிய விடிய காவல் காக்குறோம். தூக்கம் கெட்டு உயிர் போனவங்களும் இந்த வட்டாரத்துல உண்டு.

விடியற நேரத்துலதான் யானை வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்பும், ரோட்டைத் தாண்டி. அதே நேரத்துலதான் சைக்கிளும் வருது. மொபெட்டோ பஸ்ஸோ வந்தா சத்தம் முன்னாடியே சொல்லிடும். யானை ஒதுங்கும், இல்லாட்டி நின்னு பாக்கும். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. பனியில பத்தடி தூரத்துல திடீர்னு ஒரு வெள்ளை லைட்டு முளைச்சா, குட்டியோட இருக்கிற தாய் யானை என்ன பண்ணும்? நாங்க பின்னால இருந்து பட்டாசு போட்டு விரட்டிக்கிட்டு இருக்கும்போது முன்னால இவங்க வந்து நின்னா, அது எங்க போகும்?

வர வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். வர்றவங்களால டீக்கடைக்கு வியாபாரம், எங்க அவரைக்காய்க்கும் நாட்டுத் தக்காளிக்கும் நாலு காசு. காட்டு ரோட்டுல மட்டும் ஏழு மணி ஆகி, பனி விலகினப்புறம் இறங்குங்க. பட்டாசு சத்தம் கேட்டா அந்த இடத்துலயே நில்லுங்க. ரோட்டுல பச்சை லத்தி கிடந்தா திரும்பிடுங்க. கம்பளி போத்தின ஆளு கையைக் காட்டினா, வழி கேக்குறாருன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க.

இப்ப சில குழுக்காரங்க முந்தின நாள் ராத்திரியே எங்க டீக்கடைக்குப் போன் போடறாங்க. "அண்ணா, யானை எந்தப் பக்கம்?"னு கேட்டுட்டு, அடுத்த கேள்வியா, "கொள்ளு எங்கெங்க போட்டிருக்காங்க?"ன்னும் கேக்குறாங்களாம்.